புகை ஏன் படுத்துக் கிடக்கிறது?

(தியாகதுருகத்தில் நடந்த அறிவியல் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மாணவர் ஆய்வில் ட்ரோன்' என்ற தலைப்பில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வாசலிலேயே பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவர் என்னை மடக்கிவிட்டார். "எங்க பள்ளியில இருக்கிற மூணு தெர்மாமீட்டர்ல ஒண்ணு உடைஞ்சு கெடக்கு. நீங்க ட்ரோன் பத்திப் பேசப் போறீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் ஆய்வு ஏறக்குறைய 2 மாதம் நடந்தது. அதில் ட்ரோன் பறந்தது 4 நாள் மட்டும். மற்ற நாளெல்லாம் தெர்மாமீட்டர், பென்சில், கோடு போட்ட நோட்டு இவைதான். அந்த ஆய்வு தொடங்கியது ஒரு விடைத்தாளில், நான் தப்பாகப் போட்ட ஒரு சிவப்புக் கோட்டில்.

ஒரு சிவப்புக் கோடு

அரையாண்டுத் தேர்வு. 9ஆம் வகுப்பு. "உயரம் கூடக் கூட வளிமண்டலத்தின் வெப்பநிலை எவ்வாறு மாறும்? விளக்குக." இரண்டு மதிப்பெண் வினா. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "உயரே போகப் போக வெப்பநிலை குறையும். ஆனால் பனிக்காலத்தில் விடியற்காலையில் பள்ளத்தில்தான் குளிர் அதிகம், மேட்டில் குறைவு."

முதல் வரிக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். இரண்டாவது வரியை அடித்துவிட்டேன். தாளைக் கொடுத்த அன்று அவள் மேசைக்கு வந்து நின்றாள். "எங்க ஊர்ல அப்படித்தான் டீச்சர் இருக்கும். பள்ளத்துல குளிர் கொட்டும், மேட்டுல இதமா இருக்கும்னு எங்க ஆயா சொல்லும். அதனாலதான் எங்க வீட்டை மேட்டுல கட்டியிருக்காங்க" என்றாள்.

என் முன்னால் கட்டுக் கட்டாகத் திருத்த வேண்டிய தாள்கள். "புத்தகத்துல என்ன இருக்கோ அதை எழுதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் தாளை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தும் எனக்கு அன்று அது ஒரு விஷயமாகவே படவில்லை.

விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தது. ஒருநாள் காலை கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் யாரோ குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். புகை பனைமர உயரம் எழும்பியது. அதற்கு மேல் போகவில்லை. அங்கேயே பக்கவாட்டில் படர்ந்து, வெள்ளை வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி வயல் மேல் படுத்துக் கிடந்தது. சூடான காற்று மேலே போகும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமே, இந்தப் புகை ஏன் போகவில்லை என்று யோசித்தேன். அப்போதுதான் நான்காக மடித்த அந்தத் தாள் நினைவுக்கு வந்தது.

புத்தகம் சொல்வதும் ஆயா சொல்வதும்

புத்தகம் தப்பில்லை. கீழடுக்கில் உயரம் கூடக் கூட, சராசரியாக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை குறைகிறது. அது பல இடங்களையும் பல நாள்களையும் சேர்த்துப் பார்த்த சராசரி. ஒரு குறிப்பிட்ட காலையில், ஒரு குறிப்பிட்ட வயலின் மேல் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. சராசரியை நாம்தான் சட்டமாக்கிவிடுகிறோம்.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். தரை குளிரும். தரையைத் தொட்டிருக்கும் காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, எனவே கீழேயே தங்கிவிடும். மலைப்பகுதியில் அது சரிவில் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதற்கு மேலே உள்ள காற்று அவ்வளவாகக் குளிர்ந்திருக்காது. ஆக, கீழே குளிர், மேலே இதம். இதைத்தான் வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கிறோம். கீழிருந்து எழும்பும் புகை, போகும் வழியில் ஆறிக்கொண்டே போய், மேலே தன்னைவிட வெப்பமான காற்றைச் சந்திக்கிறது. அதற்கு மேல் ஏற அதற்குத் தெம்பில்லை. சோற்றுப் பானைக்கு மூடி போட்டது போல அந்த இதமான காற்று மேலே நிற்கிறது.

போகிப் பண்டிகை காலையில் சென்னையில் நடப்பதும் இதுதான். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து கண் மறைத்ததால் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எரித்தது மட்டும் காரணமில்லை. எரித்த நேரமும் ஒரு காரணம்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். அந்த மாணவியின் விடை சரி, நான்தான் தவறாகத் திருத்தினேன் என்றும் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், போன மாசம் தப்புன்னீங்க, இப்ப சரின்றீங்க. எது சரின்னு எப்படித் தெரியும்?" என்றான்.

அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். "அளந்து பார்ப்போம்" என்றேன்.

வாளித் தண்ணீரில் 8 தெர்மாமீட்டர்

பள்ளியில் இருந்தவை, பக்கத்துப் பள்ளிகளில் கேட்டு வாங்கியவை எல்லாம் சேர்த்து 8 ஆல்கஹால் தெர்மாமீட்டர்கள் கிடைத்தன. முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் படிக்கச் சொன்னேன். எட்டும் ஒரே அளவைக் காட்டவில்லை. அதிகமாகக் காட்டியதற்கும் குறைவாகக் காட்டியதற்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம்.

பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். "அப்போ எதை நம்புறது?" என்றார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுத்தாளில் அதன் வித்தியாசத்தை எழுதி ஒட்டினோம். இனி அதைக் கூட்டியோ கழித்தோதான் அளவு எழுத வேண்டும். கருவியைச் சோதிக்காமல் அளவை நம்பக் கூடாது என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த வாளிதான் அதைப் புரிய வைத்தது. இதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை. தொடக்கப் பள்ளியிலும் செய்யலாம்.

பிறகு கொடிக்கம்பம் அளவுக்கு ஒரு மூங்கிலை நட்டு, அரை மீட்டர், 2 மீட்டர், 5 மீட்டர் உயரங்களில் தெர்மாமீட்டர்களைக் கட்டினோம். வெயில் நேராகப் படாமல் இருக்க, அடி வெட்டிய வெள்ளைக் காகிதக் குவளைகளை மேலே கவிழ்த்தோம். மேலே உள்ளதை இறக்கிப் படிப்பதற்குள் அளவு மாறிவிடுகிறது என்பதை இரண்டாம் நாளே கண்டுபிடித்தார்கள். கயிறு கட்டி விரைவாக இறக்கும் வழியையும் அவர்களே செய்தார்கள். 5 மீட்டரில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் கருவியின் பிழையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. இன்னும் உயரம் வேண்டும்.

மலையும் ஒரு கருவிதான்

உயரத்துக்கு நமக்கு என்ன பஞ்சம்? ஊருக்குள்ளேயே மலை நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் போட்டி போட்ட கோட்டை மலை. உரிய அனுமதி வாங்கி, பெற்றோர் சிலரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை விடியலில் போனோம். ஒரு குழு அடிவாரத்தில், ஒரு குழு பாதி வழியில், ஒரு குழு உச்சியில். கைப்பேசியில் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, 5 நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஒரே நேரத்தில் அளவு எழுதினார்கள்.

ஏறும்போது பாஸ்கலின் கதையைச் சொன்னேன். 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் புய் தெ தோம் என்ற மலையில் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் பாஸ்கல் இல்லை. அவருடைய அக்கா கணவர் பெரியே. மேலே போகப் போகப் பாதரச மட்டம் இறங்கியது. காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு அது சான்றானது. எனக்குப் பிடித்த பகுதி வேறு. மலையடிவாரத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுக்க அதன் மட்டம் மாறுகிறதா என்று ஒரு துறவி பார்த்துக்கொண்டிருந்தார். மாறவில்லை. அதனால்தான் மேலே ஏற்பட்ட மாற்றம் உயரத்தால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அடிவாரக் குழுவில் போட்டுவிட்டீர்களே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த நான்கு பிள்ளைகளுக்காகவே இந்தக் கதையைச் சொன்னேன்.

அன்று உச்சியில் அடிவாரத்தைவிட வெப்பம் சற்றுக் கூடுதலாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கி வரும்போது அந்த மலை மாணவியே கேட்டாள். "டீச்சர், மேல பாறை இருக்குல்ல. பகல் சூடு பாறையில இருந்து வந்திருந்தா?"

யோசித்துப் பாருங்கள். அவளுடைய விடைக்குச் சாதகமான முடிவு அது. அவளே அதைச் சந்தேகிக்கிறாள். அவள் கேட்டது சரி. மலை உச்சியில் அளப்பது மலையை ஒட்டிய காற்றைத்தான். வயலுக்கு நேர் மேலே, எதையும் தொடாமல் நிற்கும் காற்றை அளக்க வேண்டும். அங்கேதான் எங்களுக்கு ட்ரோன் தேவைப்பட்டது.

முதல் 100 மீட்டர்

காற்றுக்குள் கருவியை அனுப்புவது புதிய யோசனை இல்லை. 1749இல் கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் வில்சன் பட்டங்களில் தெர்மாமீட்டரைக் கட்டிப் பறக்கவிட்டார். இன்று நம் நாட்டில் 50க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து ரேடியோசோண்டு என்ற சிறு கருவியைப் பலூனில் கட்டி விடுகிறார்கள். நமக்கு அருகில் சென்னையிலும் காரைக்காலிலும் விடுகிறார்கள். உலகம் முழுவதும் இது ஒரே நேரத்தில் நடக்கும். நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30. பலூன் 30 கிலோமீட்டர் உயரம் வரை போய் வெடிக்கும். கருவி எங்கோ விழும். பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

பலூன் விநாடிக்கு 5 மீட்டர் அளவில் ஏறுகிறது. அப்படியானால் முதல் 100 மீட்டரை 20 விநாடியில் தாண்டிவிடுகிறது. நாம் மூச்சு விடுவதும், புகை தேங்குவதும், பயிரில் பனி இறங்குவதும் அந்த முதல் 100 மீட்டரில்தான். அந்த இடத்தில் நின்று நிதானமாக, திரும்பத் திரும்ப அளக்க ஏற்ற கருவி ட்ரோன். பலூன்களுக்குப் பதிலாக ட்ரோன்களைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்வதாக 2022இல் நம் புவி அறிவியல் அமைச்சகமே சொன்னது.

2018 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலை சூழ்ந்த சான் லூயி பள்ளத்தாக்கில், பல பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் கூடி ஒரு வாரம் இதையே செய்தார்கள். கல்லூரி மாணவர்களும் அதில் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை ட்ரோன்கள் பறந்தன. இரவில் மலைச்சரிவில் வழிந்து வரும் குளிர்காற்று பள்ளத்தில் எப்படிச் சேர்கிறது, காலை வெயில் அதை எப்படிக் கலைக்கிறது என்பவை அவர்கள் ஆராய்ந்த கேள்விகளில் சில. இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் திரும்பி அந்த மாணவியைப் பார்த்தார்கள். அவளுடைய ஆயா சொன்னதைத்தான் அங்கே அளந்திருக்கிறார்கள்.

ட்ரோன் வந்தது

ட்ரோனுக்கு எங்கே போவது? என்னிடம் 9ஆம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் இப்போது வயல்களுக்கு ட்ரோனில் மருந்து தெளிக்கிறார். முறையான பைலட் சான்றிதழ் வைத்திருக்கிறார். அறிவியலில் தட்டுத் தடுமாறித் தேறியவர். கூப்பிட்டதும், "நீங்க கூப்பிட்டு வராம இருப்பேனா டீச்சர்" என்று வந்துவிட்டார். மருந்து தெளிக்கும் ட்ரோன் பெரியது, அது வேண்டாம் என்று, 2 கிலோவுக்கும் குறைவான சிறிய ட்ரோன் ஒன்றைக் கொண்டுவந்தார்.

அதில் வைத்த கருவியைப் பிள்ளைகளே ஒன்று சேர்த்தார்கள். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும் பி.எம்.இ. 280 என்ற உணரி, ஒரு சிறிய அர்டுயினோ பலகை, தகவலைச் சேமிக்க ஒரு மெமரி கார்டு. உணரி நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நிரல் எழுதுவதில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இருவர் உதவினார்கள். உயரத்தைக் காற்றழுத்தத்திலிருந்தே கணக்கிட்டோம். தரைக்கு அருகில் ஏறக்குறைய எட்டரை மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். பாஸ்கல் என்ற பெயர் அந்த அலகில் ஏன் வந்தது என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் சொதப்பிவிட்டது. உணரியைப் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். ட்ரோன் தரையிலேயே நிற்கும்போது மூங்கில் தெர்மாமீட்டரைவிட 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது. வாளித் தண்ணீரில் பழகிய பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். உணரியை மெல்லிய குச்சி ஒன்றில், மோட்டாரின் சூடு படாத இடத்தில், ட்ரோனின் உடலுக்கு மேலே தூக்கி வைத்தோம். வெயில் படாமல் காகிதக் குவளை மூடி போட்டோம்.

அனுபவத்தில் கற்ற இன்னும் இரண்டு: உணரி புதிய காற்றுக்குப் பழகச் சற்று நேரம் வேண்டும். அதனால் 20 மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, ஒரு நிமிடம் காத்திருந்தோம். இறங்கும்போது ட்ரோன் தானே கீழே தள்ளிய காற்றுக்குள் இறங்குகிறது. எனவே ஏறும்போது எடுத்த அளவுகளை மட்டுமே கணக்கில் கொண்டோம்.

பிப்ரவரியில் ஒரு தெளிந்த காலை, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, 6.45 மணி. 2 மீட்டரில் 19.4 டிகிரி. 20 மீட்டரில் 20.3. 40 மீட்டரில் 21.1. 60 மீட்டரில் 21.6. 80 மீட்டரில் 21.7. 100 மீட்டரில் 21.5. ஒரு பிள்ளை எண்களை வாசிக்க, இன்னொரு பிள்ளை கரும்பலகையில் புள்ளி வைக்க, கோடு புத்தகத்தில் உள்ள படத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. 80 மீட்டருக்கு மேல் திரும்பியது. அதுதான் பானையின் மூடி.

அதே நாள் 9.30 மணிக்கு மீண்டும் ஏற்றினோம். 2 மீட்டரில் 26.8. 100 மீட்டரில் 25.6. வெயில் தரையைச் சூடாக்கி, காற்றைக் கீழிருந்து கிளறிவிட்டது. மூடி காணாமல் போய்விட்டது. இப்போது புத்தகம் சொன்னபடியே மேலே போகப் போகக் குறைந்தது. புத்தகமும் ஆயாவும் ஒரே நாளில் சரியாக இருந்தார்கள், மூன்று மணி நேர இடைவெளியில்.

மேகம் மூடிய நாள்

இன்னும் இரண்டு தெளிந்த காலைகளிலும் இதே போலத்தான் வந்தது. நான்காம் நாள் வானம் முழுக்க மேகம். வந்தது வந்துவிட்டோம் என்று ஏற்றினோம். 2 மீட்டரில் 22.6, 100 மீட்டரில் 22.0. தலைகீழ் மாற்றமே இல்லை.

பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு அட்டை தயாராகிக்கொண்டிருந்தது. எழுத்து அழகாக இருக்கும் பையன் மெதுவாகக் கேட்டான். "டீச்சர், இந்த ஒரு நாளை விட்டுடலாமா? மூணு நாள் சரியாத்தானே வந்திருக்கு?"

உண்மையைச் சொல்கிறேன். ஒரு விநாடி எனக்கும் சரி என்று சொல்லத் தோன்றியது. கண்காட்சியில் பார்க்க வருபவர்களுக்கு விளக்குவது எளிது. நேரமும் இல்லை. நாம் எத்தனை முறை செய்முறைத் தேர்வில் 'வர வேண்டிய' விடைக்கு ஏற்றபடி அளவுகளைத் திருத்தி எழுதுவதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோம்!

நான் பதில் சொல்லும் முன்னால் அந்த மலை மாணவி சொன்னாள். "விடக்கூடாது டீச்சர். மேகம் இருந்தா எங்க ஊர்லயும் பள்ளத்துல அவ்வளவு குளிராது."

விட்டுவிட நினைத்த நாள்தான் ஆய்வுக்கே முதுகெலும்பானது. மேகம், தரை விடும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு ஒரு பகுதியைத் திரும்பத் தரைக்கே அனுப்புகிறது. தரை அவ்வளவாகக் குளிரவில்லை. எனவே மூடி உருவாகவில்லை. மூன்று நாள்களில் வந்த தலைகீழ் மாற்றத்துக்குத் தெளிந்த வானமே காரணம் என்பதற்கு, அது வராத அந்த நான்காம் நாள் பலம் சேர்த்தது. 4 நாள் அளவு போதாது, காற்றின் வேகத்தையும் அளந்திருக்க வேண்டும் என்று அட்டையின் கடைசியில் அவர்களே எழுதினார்கள்.

விதியும் பாதுகாப்பும்

ட்ரோனை ஏற்றும் முன் விதிகளைப் படியுங்கள். ட்ரோன் விதிகள் 2021 வந்த பிறகு நடைமுறை எளிதாகியிருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். நாங்கள் 100 மீட்டரோடு நிறுத்திக்கொண்டோம். அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், பச்சைப் பகுதியில், தம் வளாகத்துக்குள் ஆய்வுக்காகப் பறக்கவிடும்போது சில விலக்குகளும் அந்த விதிகளில் உண்டு. பைலட் சான்றிதழுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனவே இயக்குபவர் பெரியவராகவே இருக்கட்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், பறக்கவிடும் முன் நடப்பில் உள்ளதை ஒரு முறை சரிபாருங்கள்.

தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்க வையுங்கள். இறக்கை சுழலும்போது யாரும் பிடிக்கப் போகக் கூடாது. ஊரின் மேலும் ஆட்களின் மேலும் பறக்க வேண்டாம். கேமராவை அணைத்துவிடுங்கள். கேமரா இல்லை என்று தெரிந்த பிறகுதான் பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களோடு சிரித்துப் பேசினார்கள்.

அவரவர் வகுப்பறையில்

வாசலில் கேட்ட ஆசிரியைக்கு இப்போது பதில் சொல்கிறேன். ட்ரோன் இல்லாமலும் இந்த ஆய்வின் பெரும்பகுதியைச் செய்யலாம். தொடக்க வகுப்புகளில், காலை வழிபாட்டுக்கு முன் பிள்ளைகளைப் புல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டவெளிப் புல்லில் பனி இருக்கிறதா, மரத்தடிப் புல்லில் இருக்கிறதா? மரமும் ஒரு மேகம் போலத்தான் வேலை செய்கிறது. புகை எந்த உயரத்தில் படர்கிறது என்று ஒரு வாரம் படம் வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் வானத்தையும் வரையட்டும். 6 முதல் 8 வகுப்புகளில் வாளியும் தெர்மாமீட்டரும் மூங்கிலும் போதும். உயர்நிலை வகுப்புகளில் மாடியும் தரையும், பக்கத்தில் மலை இருந்தால் மலையும். அதற்கு மேல் பிள்ளைகளே "இது போதாது டீச்சர்" என்று சொல்லும்போது ட்ரோனைத் தேடுங்கள். அப்போது உதவிக்கு யாராவது கிடைப்பார்கள். நம்மிடம் படித்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள்.

நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பெரிய காரியங்களும் செய்திருக்கிறார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகள் உள்பட நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் ஆசாதிசாட் செயற்கைக்கோளுக்குப் பங்களித்தார்கள். 2022 ஆகஸ்டில் முதல் முயற்சி பலிக்கவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று அதன் அடுத்த செயற்கைக்கோள் 450 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. அது பெருமை. அதே பிள்ளைகள் தம் தலைக்கு மேல் உள்ள 100 மீட்டர் காற்றையும் கேள்வி கேட்கட்டும். அதற்கு நாம் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக இரண்டு செய்திகள். கண்காட்சிக்குப் பிறகு பிள்ளைகள், பள்ளியைச் சுற்றிக் குப்பை எரிப்பவர்களிடம் வரைபடத்தோடு போய்ப் பேசினார்கள். "எரிக்கவே கூடாது. அதுவும் விடியற்காலையில் எரித்தால் புகை முழுக்க நம் வீட்டுக்குள்தான் வரும்" என்று விளக்கினார்கள். ஒரு டீக்கடைக்காரர் எரிப்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள், எரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். இந்த மார்கழியில் மீண்டும் போய்ப் பேசப் போகிறோம்.

இன்னொன்று. அந்த விடைத்தாளைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். நான்கு மடிப்பும் அப்படியே இருந்தது. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் சரி போட்டு, விட்டுப்போன ஒரு மதிப்பெண்ணைச் சேர்த்து, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மொத்தத்தைக் கூட்டல" என்றாள்.

கூட்டிப் போட்டேன்.